ஆக்ஸ்ஃபோர்டைப் பார்க்க உகந்த காலம் எது: ஏப்ரல் கடைசியா, ஆகஸ்டா, அக்டோபரா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் முப்பத்தோரு ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். எங்கள் மகள் இங்கிலாந்தில் ரெடிங் நகரில் குடியிருக்கிறாள். வரும் ஆண்டில் நானும் என் கணவரும் அவள் வீட்டில் ஆறு வாரம் தங்கி வரலாம் என்று எண்ணியிருக்கிறோம். விமானச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை. எந்த மாதம் என்பதில்தான் வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை.

பேரனுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் மகள் ஆகஸ்டில் வரச் சொல்கிறாள். என் கணவர் குளிர் தாங்காதவர், ஆகவே அவரும் ஆகஸ்ட் பக்கமே சாய்கிறார். எனக்கோ இந்தப் பயணத்தில் முதன்மையானது ஆக்ஸ்ஃபோர்டு. திருவாசகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஜி. யு. போப் கற்பித்த ஊரையும் அவர் அடங்கிய இடத்தையும் பார்க்க வேண்டும் என்பது, வகுப்பில் அவரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்தே எனக்கு இருந்துவரும் ஆசை. கட்டடங்களை வெளியில் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்புவதில் எனக்கு நாட்டமில்லை. கல்லூரிகளுக்குள் நுழைந்து, பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஊரைப் பார்க்க விரும்புகிறேன். அதற்கு ஏற்ற காலம் எது, ஒரே நாளில் போய்த் திரும்பினால் போதுமா, குளிர் எந்த அளவில் இருக்கும் என்பதை அங்கே வாழ்பவர்களோ போய் வந்தவர்களோ எழுதினால் உதவியாக இருக்கும். எனக்கு வலது முழங்காலில் வலி உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஹெடிங்டன்வாசி எழுதியது:

வணக்கம் அம்மா. பதினான்கு ஆண்டுகளாக ஆக்ஸ்ஃபோர்டின் கிழக்குப் புறத்தில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து வந்த உறவினர்களுக்கெல்லாம் நகரைச் சுற்றிக் காட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த ஊருக்கு வருவதற்கு மாதத்தைக் கேட்பதைவிட வாரத்தைக் கேட்பது பயன் தரும். இங்கே நல்ல காலம், கெட்ட காலம் என்பதை வெயிலும் மழையும் தீர்மானிப்பதைவிடப் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ஆண்டுக்கு மூன்று கல்விப் பருவங்கள். அக்டோபர் இரண்டாம் வாரத்தை ஒட்டித் தொடங்கி டிசம்பர் முதல் வாரத்தில் முடிவது மைக்கேல்மஸ். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை ஹிலரி. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி தாண்டும்வரை டிரினிடி. ஒவ்வொன்றும் சரியாக எட்டு வாரம். இங்கே உள்ளவர்கள் தேதி சொல்வதில்லை. "மூன்றாம் வாரம் வியாழன்" என்றுதான் பேசிக்கொள்வார்கள். பருவத்துக்கு முந்தைய வாரத்தைச் சுழிய வாரம் என்றும் பிந்தியதை ஒன்பதாம் வாரம் என்றும் சொல்லும் அளவுக்கு அந்தக் கணக்கு ஊறிப்போயிருக்கிறது. ஆண்டில் இந்த இருபத்துநான்கு வாரங்களில்தான் நீங்கள் கேட்கும் ஊர் இருக்கிறது. மற்ற நாள்களில் அதே கட்டடங்கள் இருக்கும், ஆராய்ச்சி மாணவர்கள் சிலர் இருப்பார்கள். ஆனால் மிதிவண்டியில் கருப்பு அங்கி பறக்கப் போகும் பிள்ளைகளையும் மாலையில் தேவாலயங்களில் பாடும் கல்லூரிப் பாடகர் குழுக்களையும் காண முடியாது.

அப்படியானால் பருவ நாளில் எப்போது வேண்டுமானாலும் வரலாமே என்றால், அங்கேதான் சிக்கல். பிள்ளைகள் இருக்கும்போது கல்லூரிக் கதவுகள் பார்வையாளர்களுக்குக் குறைவாகவே திறக்கும். பல கல்லூரிகள் பிற்பகலில் மட்டும் உள்ளே விடும். கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் புகழ்பெற்ற உணவுக்கூடம் மாணவர்கள் சாப்பிடும் மதிய வேளையில் மூடப்படும். டிரினிடிப் பருவத்தின் பிற்பாதியில் தேர்வு வந்துவிடுவதால், அமைதி வேண்டிச் சில கல்லூரிகள் நாள் முழுவதும் கதவடைத்துவிடும். ஆகவே பிள்ளைகள் ஊருக்குள் வந்திருக்க வேண்டும், தேர்வுப் பரபரப்பு தொடங்கியிருக்கக் கூடாது, சுற்றுலாக் கூட்டமும் இன்னும் சேர்ந்திருக்கக் கூடாது. இம்மூன்றும் ஒன்றுகூடும் காலம் ஆண்டில் இரண்டு முறைதான் வருகிறது: ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே நடுவரை ஒன்று, அக்டோபர் பிற்பாதியில் இன்னொன்று. என்னைக் கேட்டால் முதலாவதையே சொல்வேன்.

அதற்குக் காரணம் உண்டு. மாட்லின் கல்லூரியை இங்கே "மோட்லின்" என்று உச்சரிப்பார்கள்; வழி கேட்கும்போது உதவும். அதன் பின்னால் செர்வெல் ஆற்றின் கிளைகளுக்கு நடுவே ஒரு புல்வெளி இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் நாள்கள்வரை அங்கே ஒரு பூ பூக்கும். ஒரு சாண் உயரத் தண்டில் மணி கவிழ்ந்ததைப் போலத் தலைகுனிந்து நிற்கும். இதழில் கருஊதாவும் வெளிர்ஊதாவும் சதுரங்கக் கட்டம் போட்டாற்போல மாறி மாறி வரும். நடுநடுவே வெள்ளைப் பூக்களும் உண்டு. பாம்புத் தோலை ஒத்திருப்பதால் பாம்புத்தலைப் பூ என்றே அதற்குப் பெயர். ஆயிரக்கணக்கில் பூத்திருக்கும்போது எட்ட நின்று பார்த்தால் புல்லின்மேல் ஊதாப் புகை படிந்ததைப் போலத் தெரியும். அந்தப் புல்வெளியைச் சுற்றி ஆற்றோரமாகவே நடைபாதை செல்கிறது. மேடு பள்ளம் இல்லாத சமதரை என்பதால் உங்கள் முழங்காலுக்கும் தொல்லை இராது. இரண்டு வாரம் தள்ளி வருபவர்களுக்கு அது வெறும் புல்வெளியாகத்தான் தெரியும்.

அதே கல்லூரியின் 44 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில்தான் மே 1 அன்று காலை ஆறு மணிக்குக் கல்லூரிப் பாடகர் குழு லத்தீன் பாடலொன்றைப் பாடும். கீழே பாலத்திலும் சாலையிலும் பல்லாயிரம் பேர் பேச்சற்று அண்ணாந்து நிற்பார்கள். பாட்டு சில நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு மணிகள் ஒலிக்கும். காலில் சலங்கை கட்டிய நாட்டுப்புற ஆட்டக்காரர்கள் தெருக்களில் ஆடுவார்கள். ஐந்து நூற்றாண்டாக நடந்துவரும் வழக்கம் என்கிறார்கள். அதைப் பார்க்க வேண்டுமானால் முதல் நாள் இரவே இங்கே தங்கிவிட வேண்டும். ரெடிங்கிலிருந்து விடியற்காலையில் வந்து சேர்வதை நம்ப வேண்டாம்.

மே கடைசியில், அதாவது டிரினிடிப் பருவத்தின் ஐந்தாம் வாரத்தில், புதன் முதல் சனி வரை கல்லூரிகளுக்கிடையே படகுப் போட்டி நடக்கும். தேம்ஸ் ஆறு இங்கே குறுகலானது என்பதால் படகுகள் பக்கத்தில் பக்கத்தில் போக முடியாது. ஒன்றன்பின் ஒன்றாக ஒன்றரைப் படகு நீள இடைவெளி விட்டுக் கிளம்பி, பின்னால் வருவது முன்னால் போவதை முட்ட வேண்டும். முட்டியவர்கள் மறுநாள் ஓரிடம் முன்னேறுவார்கள். கரையில் நின்று பார்ப்பதற்குச் சுவையான போட்டி. ஆனால் அதே வாரங்களில் ஹை ஸ்ட்ரீட்டில் உள்ள தேர்வு மண்டபத்துக்குப் பிள்ளைகள் போய்வரத் தொடங்கிவிடுவார்கள். கருப்பு அங்கியும் வெள்ளைச் சட்டையுமாகத்தான் தேர்வு எழுத வேண்டும் என்பது விதி. மார்பில் ஒரு கார்னேஷன் பூ குத்தியிருப்பார்கள். முதல் தேர்வுக்கு வெள்ளை, இடைப்பட்டவற்றுக்கு இளஞ்சிவப்பு, கடைசித் தேர்வுக்குச் சிவப்பு. சிவப்புப் பூவோடு ஒரு பிள்ளையைத் தெருவில் கண்டால் இன்னும் மூன்று மணி நேரத்தில் அதன் படிப்பு முடியப்போகிறது என்று பொருள். அந்தக் காட்சியை நான் இன்றும் நின்று பார்ப்பேன். கல்லூரிக்குள் நுழைய ஏற்ற வாரங்கள் மட்டும் அவை அல்ல.

குளிரைப் பற்றி: இங்குள்ள ராட்கிளிஃப் வானாய்வகத்தில் 1813 நவம்பரிலிருந்து ஒரு நாளும் விடாமல் வெப்பநிலையைக் குறித்துவருகிறார்கள், பிரிட்டனிலேயே ஒரே இடத்தில் இவ்வளவு காலம் தொடர்ந்த பதிவு வேறில்லை. இங்கே ஏப்ரலில் பகல் வெப்பம் சராசரியாக 14 பாகை, இரவில் 5 பாகை. ஜூலையிலேயே பகல் வெப்பம் 23 பாகையை ஒட்டித்தான் இருக்கும். ஆகஸ்டில் வந்தால் குளிராது என்று உங்கள் கணவர் எண்ணியிருந்தால், மதுரைக்காரருக்கு ஆகஸ்ட் மாலையிலும் ஸ்வெட்டர் தேவைப்படும் என்பதை மெல்லச் சொல்லிவிடுங்கள். மழை ஆண்டுக்கு 660 மில்லிமீட்டர் அளவுதான், சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. ஆனால் அதைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கிட்டுத் தூறலாகப் பெய்கிறது. ஆகவே மழைக்குப் பயந்து மாதம் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை, குடையோடு வாருங்கள்.

கோடைப்பயணி எழுதியது:

நான் இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டும் ஆகஸ்ட். முதல் முறை பட்ட பாட்டைச் சொன்னால் உங்கள் மகளுக்கு விளங்கும். லண்டனிலிருந்து ஒரு சுற்றுலாப் பேருந்தில் சீட்டு வாங்கினோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரே நாளில் மூன்று ஊர் என்று விளம்பரம். ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒதுக்கியது ஒன்றரை மணி நேரம். அதில் கால்மணி பேருந்து நிறுத்த இடம் தேடியே கழிந்தது. பிராட் ஸ்ட்ரீட் முழுவதும் குடையைத் தூக்கிப் பிடித்த வழிகாட்டிகளும் அவர்கள் பின்னால் ஒரே நிறத்துப் பையை முதுகில் மாட்டிக்கொண்ட கோடைக்கால ஆங்கிலப் பள்ளி மாணவர்களும்தான். ஒரு கல்லூரி வாசலில் நாற்பது நிமிடம் வரிசையில் நின்று, எங்கள் முறை வந்தபோது மாலையில் திருமண விருந்து இருப்பதால் இன்றைக்கு அவ்வளவுதான் என்று கயிற்றைக் கட்டிவிட்டார்கள். என் தாயார் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இருந்தாலும் ஆகஸ்டை அடியோடு ஒதுக்க எனக்கு மனமில்லை. இரண்டாம் முறை பேருந்தைத் தவிர்த்துவிட்டு, கல்லூரி விடுதியிலேயே அறை எடுத்து இரண்டு இரவு தங்கினோம். விடுமுறை நாள்களில் மாணவர் அறைகளைப் பல கல்லூரிகள் வெளியாருக்கு வாடகைக்கு விடுகின்றன என்பது பலருக்குத் தெரியாது. படுக்கை குறுகல், குளியலறை சில இடங்களில் பொதுவானது. ஆனால் காலை உணவை அந்தப் பெரிய உணவுக்கூடத்தில், சுவரில் தொங்கும் பழைய தலைவர்களின் ஓவியங்களுக்குக் கீழே நீண்ட மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். மாலை ஐந்தரைக்குப் பேருந்துகள் கிளம்பிப் போன பிறகு ஊர் வேறு ஊராகிவிடுகிறது. ஆகஸ்டில் எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கும். ராட்கிளிஃப் கேமரா என்ற அந்த வட்டக் கட்டடத்தைச் சுற்றி ஆளரவமே இல்லாமல், கல்லெல்லாம் தேன் நிறமாக மாறும் நேரத்தில் நாங்கள் இருவர் மட்டும் நடந்தோம். இந்த அறை வசதி கோடை விடுமுறையிலும் ஈஸ்டர் விடுமுறையிலும்தான் தாராளமாகக் கிடைக்கும். ஹெடிங்டன்வாசி சொல்லும் பருவ வாரங்களில் அரிது என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று. ஜூன் கடைசி அல்லது ஜூலைத் தொடக்கத்தில் இரண்டு நாளும் செப்டம்பரில் ஒரு நாளும், சேர விரும்பும் மாணவர்களுக்காகக் கல்லூரிகள் கதவைத் திறந்து வைக்கும். கதவு திறந்திருக்கிறதே என்று அந்த நாள்களைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். நாடு முழுவதிலுமிருந்து பெற்றோரும் பிள்ளைகளும் குவிவார்கள். ரயிலில் நிற்கவும் இடமிருக்காது. உள்ளே போய்ப் பார்ப்பதற்கென்றே செப்டம்பரில் ஒரு வார இறுதியில் வேறொரு நிகழ்வு உண்டு. நகரின் பழமையைப் பேணும் அறக்கட்டளை நடத்துவது. வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் இடங்கள் சிலவற்றை அப்போது இலவசமாகப் பார்க்கலாம்.

நூலகமூலை எழுதியது:

இங்கே ஆராய்ச்சி மாணவன் நான். மேலே உள்ள இருவரும் குளிர்காலத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். அம்மாவின் கணவர் இதைப் படிக்காமல் இருந்தால் நல்லது.

பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போதே ஊரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் உங்கள் விருப்பம் என்றால், ஆண்டிலேயே அதற்கு மிகப் பொருத்தமான மாதம் பிப்ரவரி. தங்கும் விடுதிக் கட்டணம் குறைவு. கூட்டம் இல்லை. கிறைஸ்ட் சர்ச், நியூ காலேஜ், மாட்லின் ஆகிய மூன்றிலும் பருவ நாள்களில் மாலை ஆறு மணியை ஒட்டிப் பாடல் வழிபாடு நடக்கும்; கட்டணம் கிடையாது, எந்த மதத்தினரும் போய் உட்காரலாம். வெளியே கும்மிருட்டாக இருக்க, உள்ளே மங்கிய விளக்கொளியில் சிறுவர்களின் குரல் கல்கூரைவரை எழும்பி அடங்குவதைக் கேட்பதற்குக் குளிர்காலம்தான் சரி. கோடையில் அதே வழிபாட்டைக் கண்ணாடி வழியே வெயில் விழும்போது கேட்டிருக்கிறேன். அந்த அமைதி அப்போது கூடுவதில்லை.

கிறைஸ்ட் சர்ச்சின் டாம் கோபுர மணி இரவு 9.05-க்கு 101 முறை அடிக்கும். கல்லூரியில் முதலில் இருந்த நூறு மாணவர்களுக்கும் பின்னால் சேர்க்கப்பட்ட ஒருவருக்குமாக அந்தக் கணக்கு. ஒன்பது மணிக்கு அடிக்காமல் ஐந்து நிமிடம் தள்ளி அடிப்பது ஏன் என்றால், கிரீனிச்சுக்கு மேற்கே இருக்கும் இந்த ஊரின் பழைய உள்ளூர் நேரப்படி அதுதான் ஒன்பது மணி. ரயில்வே வந்து நாடு முழுவதும் ஒரே கடிகாரமான பிறகும் இவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. குளிர்கால இரவில் வெளியே நடமாட்டம் குறைவு என்பதால் மணியோசை ஊரின் மறுகோடிவரை கேட்கும்.

குறைகளையும் மறைக்கவில்லை. டிசம்பர் கடைசியில் பொழுது நான்கு மணிக்கு முன்பே சாய்ந்துவிடும். பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. கிறிஸ்துமஸை ஒட்டிய இரண்டு வாரம் கல்லூரிகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். ஆஷ்மோலியன் அருங்காட்சியகம்கூட டிசம்பர் 24 முதல் 26 வரை மூடிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் தேம்ஸ் கரை புரண்டு போர்ட் மெடோ என்ற மேய்ச்சல் வெளி ஏரியாகிவிடும். அதைப் பார்ப்பதே ஓர் அழகு. ஆனால் ஆற்றோரப் பாதைகள் சேறாகிவிடும். கழி ஊன்றித் தள்ளும் தட்டையான பன்ட் படகுகள் சில இடங்களில் மார்ச் நடுவில்தான் மீண்டும் வாடகைக்கு வரும். ஆகவே முழங்கால் வலி உள்ளவருக்கும் குளிர் தாங்காதவருக்கும் நான் பிப்ரவரியை வற்புறுத்த மாட்டேன். அருங்காட்சியகமும் நூலகமும் பாட்டும் போதும் என்பவர்களுக்காகச் சொன்னேன்.

அக்டோபரைப் பற்றியும் ஒரு சொல். பருவத்தின் முதல் வாரச் சனிக்கிழமை புது மாணவர்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொள்ளும் சடங்கு ஷெல்டோனியன் மண்டபத்தில் நடக்கும். அன்று அந்த மண்டபத்துக்குள் பார்வையாளர் போக முடியாது. ஆனால் அங்கி இன்னும் தோளில் படியாத அந்தப் பிள்ளைகள் கல்லூரி கல்லூரியாக வரிசை கட்டித் தெருவில் வருவதைப் பார்க்கலாம். கல்லூரிச் சுவர்களில் ஏறியிருக்கும் கொடிகள் அப்போது குங்குமச் சிவப்பாக மாறியிருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய மூவருக்கும் நன்றி. படித்துக் காட்டினேன், பிப்ரவரிப் பகுதியை மட்டும் தாண்டிவிட்டேன். என் கணவர் ஏப்ரல் கடைசிக்கு ஏறக்குறைய இணங்கிவிட்டார். அவருக்கு இருக்கும் ஒரே மனக்குறை சித்திரைத் திருவிழா. நினைவு தெரிந்த நாளிலிருந்து அழகர் ஆற்றில் இறங்குவதை ஓர் ஆண்டும் தவறவிட்டதில்லை என்கிறார். அது ஒருபுறம் இருக்கட்டும்.

பேரனுக்கு ஈஸ்டர் விடுமுறை ஏப்ரல் நடுவோடு முடிந்துவிடுகிறதாம். நாங்கள் சனி, ஞாயிறு அவனோடு ஒரு முறையும், வார நாளில் நாங்கள் இருவர் மட்டும் ஒரு முறையும் என இரண்டு தடவை போய்வருவது சரியாக இருக்குமா? போப் அவர்களின் கல்லறையைப் பற்றி யாரும் எழுதவில்லை. "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று தம் கல்லறையில் பொறிக்கச் சொன்னார் என்றுதான் நான் வகுப்பில் சொல்லிவந்திருக்கிறேன். அந்த எழுத்தை நேரில் பார்க்க வேண்டும்.

ஹெடிங்டன்வாசி எழுதியது:

இரண்டு தடவையாகப் பிரித்துக்கொள்வதே நல்லது, அம்மா. ரெடிங்கிலிருந்து நேர் ரயிலில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அறுபது வயது கடந்தவர்களுக்கான ரயில் சலுகை அட்டையை வெளிநாட்டவரும் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கலாம். பயணச் சீட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். காலை நெரிசல் நேரம் கழிந்து கிளம்பினால் சீட்டு மலிவு. கல்லூரிகள் பலவும் பிற்பகலில்தான் திறக்கும் என்பதால் அதில் இழப்பும் இல்லை. மே முதல் திங்களும் கடைசித் திங்களும் அரசு விடுமுறை. தண்டவாளப் பணிகளை அந்த நாள்களில்தான் வைத்துக்கொள்வார்கள் என்பதால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

பேரனோடு வரும் நாளில் கல்லூரிகளை அதிகம் வைத்துக்கொள்ள வேண்டாம். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டைனோசர் எலும்புக்கூடுகளைப் பார்த்துவிட்டு, அதன் பின்புறக் கதவு வழியாகவே பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்துக்குள் நுழையலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. பிறகு மாட்லின் பாலத்தடியில் பன்ட் படகு. வார நாளில் வரும்போது காலையில் போட்லியன் நூலகத்தின் பழைய டிவினிட்டி ஸ்கூல் மண்டபம், பிற்பகலில் நியூ காலேஜும் மாட்லினும். செயின்ட் மேரி தேவாலயக் கோபுரத்தில் 127 படிகள், திருகுப்படி. முழங்காலை நினைத்து அதை விட்டுவிடுங்கள். கல்லூரிகள் எந்நேரமும் அறிவிப்பின்றி மூடக்கூடும் என்பதால், கிளம்பும் காலையில் அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லறைப் பக்கம் நான் போனதில்லை, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நூலகமூலை எழுதியது:

கல்லறைக்கு நான் நாலைந்து முறை போயிருக்கிறேன். ரயில் நிலையத்திலிருந்து கால்மணி நேர நடையில் ஜெரிகோ என்ற பகுதி; அங்கே வால்டன் ஸ்ட்ரீட்டில் வீடுகளுக்கிடையே ஒரு சிறு பாதை பிரியும். அதன் கோடியில் செயின்ட் செபல்கர் இடுகாடு. புதைப்பது நின்று நெடுங்காலமாகிவிட்ட பழைய இடம். மரங்களடியில் சாய்ந்தும் சாயாமலும் கற்கள். ஆகஸ்டில் நான் போனபோது புல் முழங்காலளவு வளர்ந்து, கல்லைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஏப்ரலில் அந்தத் தொல்லை இல்லை.

அம்மா, ஒன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட வாசகம் அந்தக் கல்லில் இல்லை. நானும் பள்ளியில் அப்படித்தான் படித்தேன். முதல் முறை போனபோது கல்லின் பின்பக்கம்வரை சுற்றிப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் சமய குரு, 1820-இல் பிறந்து 1908-இல் மறைந்தவர் என்று அதில் இருக்கிறது. அதற்குக் கீழே, இந்தக் கல்லை வைத்தவர்கள் அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் என்று பொறித்திருக்கிறார்கள். கடல் கடந்து பணம் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது, இல்லாத வாசகத்தைப் பற்றிய ஏமாற்றம் எனக்குப் போய்விட்டது.

பேலியல் கல்லூரி பிராட் ஸ்ட்ரீட்டிலேயே இருக்கிறது. சிறு கட்டணம் செலுத்தி உள்ளே போகலாம். அவ்வளவு முதுமையில் திருவாசக மொழிபெயர்ப்பைத் தொடங்குவதா என்று போப் தயங்கியபோது, பெரிய வேலையொன்றைக் கையில் வைத்திருப்பதே நெடுநாள் வாழும் வழி, அதை முடிக்கும்வரை இருப்பீர்கள் என்று அக்கல்லூரியின் தலைவர் ஜோவெட் தேற்றியதைப் போப்பே முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஜோவெட் 1893-இல் போய்விட்டார்; போப் 1900-இல் நூலை முடித்தார். முன்னுரைக்கு இட்ட நாள் அவருடைய எண்பதாம் பிறந்த நாள், ஏப்ரல் 24. தமிழில் முதல் பாடம் படித்தது 1837-இல் என்றும் அதில் குறித்திருக்கிறார். மாட்லின் புல்வெளியில் பூ பூத்திருக்கும் நாள்களிலேயே அந்த 24-ஆம் தேதியும் வருகிறது. வார நாளாக அமைந்தால் அன்றைக்கே வந்துவிடுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

முப்பத்தோர் ஆண்டு தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பதை ஏற்றுக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. என் பழைய மாணவர்கள் சிலருக்கு நேற்றிரவே செய்தி அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 20-க்கு முன்பே ரெடிங் வந்து சேரும்படி மகள் சீட்டு எடுத்துவிட்டாள். ஏப்ரல் 30 இரவு ஆக்ஸ்ஃபோர்டிலேயே தங்குகிறோம். அழகரை அடுத்த சித்திரையில் சேவித்துக்கொள்ளலாம் என்று என் கணவர் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு, கோபுரத்தில் பாடும் அன்று காலை ஆறு மணிக்கு வெப்பம் எத்தனை பாகை இருக்கும் என்று கேட்டு எழுதச் சொல்கிறார்.